கண்ணில்தான் கோளாறு என்றார்கள்

என் கணவரின் சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். எண்பதுகளின் பிற்பாதியில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சேலை, சென்ட் பாட்டில், டார்ச் லைட் என்று கொண்டுவந்தார். என் கணவருக்கு மட்டும் கறுப்பாக, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், இரண்டு முனையிலும் கண்ணாடி வைத்த குழாய் ஒன்று வந்தது. ரைபிளின் முதுகில் பொருத்திக் குறி பார்க்கிற தொலைநோக்கி. ஸ்கோப் என்பார்கள். உள்ளே பார்த்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியும், அதன்மேல் மெல்லிய கோடுகள் இரண்டு கூட்டல் குறிபோலக் கிடக்கும். அந்தக் கூட்டல் குறி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சேலையூரில் என் மாமியாரோடு இருந்தோம். நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். அவருடைய மேலதிகாரி ஒருவர் சிபாரிசில், வண்டலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் போவார், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். அங்கே போவது அவருக்கு ஒரு கௌரவம். சுடுவதில் பெரிய கெட்டிக்காரர் இல்லை.

ஒரு ஞாயிறு என்னையும் அழைத்துப் போனார். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டிருக்கிறேன் என்று நான் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சணல் பாயில் குப்புறப் படுத்து, கிளப் ரைபிளைத் தோளில் வைத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் ஐந்து குண்டு சுட்டேன். ஐந்து துளையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அந்த அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் காட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டார். மறுவாரமே குடும்ப உறுப்பினர் என்று என் பெயரைச் சேர்த்துவிட்டார்.

ஸ்கோப் வந்த பிறகு நான் இன்னும் நன்றாகச் சுட்டேன். அது எங்கள் சொத்து என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய், கிளப் ரைபிளில் பொருத்தி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவோம். பக்கவாட்டில் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு திருகுகள் இருக்கும். குண்டு இடது பக்கம் விழுந்தால் பக்கத் திருகைத் திருக வேண்டும். கீழே விழுந்தால் மேல் திருகு. திருகும்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல டிக் டிக் என்று சத்தம் வரும். சில வாரங்களில் அதன் குணம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

மாநில அளவில் ஒரு போட்டி வந்தது. அதில் ஸ்கோப் வைத்துச் சுடுகிற பிரிவு ஒன்று உண்டு. அந்தப் பிரிவுக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒருவரை அனுப்பலாம். கிளப்பின் செயலாளர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். அவர் என் பெயரை எழுதினார். ஒரு பெண் பெயரா என்று சிலர் முணுமுணுத்ததாகவும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் என் கணவர் வந்து சொன்னார். அன்று மாலை தாம்பரம் மார்க்கெட்டில் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, குண்டுகள் ஊர் சுற்ற ஆரம்பித்தன.

முதல் இரண்டு நடுவில் விழும். மூன்றாவது இரண்டு அங்குலம் மேலே, இடப்பக்கம். நான்காவது மறுபடி நடுவுக்கு வரும். ஐந்தாவது எங்கோ கீழே. நான் ஒரே மாதிரிதான் படுத்திருந்தேன், ஒரே மாதிரிதான் மூச்சை அடக்கினேன். விசையை அழுத்துகிற விரலை இழுக்கிறேனா என்று கவனித்துக் கவனித்து விரலே மரத்துப் போயிற்று. மைதானத்துக்காரர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, போன மாசம் கண்ண மூடிக்கினு சுட்டாக்கூட நடுவுலதான் போச்சு. இன்னா ஆச்சு ஒனக்கு?" என்றார். கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தேடினேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில் ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்திருக்கிற வளையங்கள். அந்த ஸ்குரூ தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப் நகரும். இறுக்கினேன். இறுக்கியது நிற்கிறதா என்று பார்க்க, ஸ்குரூவின் தலையிலிருந்து வளையத்தின்மேல் வரை நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். நகர்ந்தால் கோடு உடையும். கோடு உடையவில்லை, குண்டு மட்டும் அலைந்தது. அடுத்து தோட்டா. வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டேன், அதே கதை. குழலைச் சுத்தம் செய்தோம். அப்புறம் ஸ்கோப்பையே கழற்றி வைத்துவிட்டு, ரைபிளில் ஏற்கெனவே இருக்கிற இரும்புக் குறியை வைத்துச் சுட்டேன். ஐந்தும் ஒன்றாகப் போய் விழுந்தன.

அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி. செயலாளரிடம் இரண்டு அட்டைகளையும் கொண்டுபோய், "சார், ரைபிள் நல்லாயிருக்கு, நானும் நல்லாயிருக்கேன். ஸ்கோப்லதான் ஏதோ" என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரும்புக் குறியில் நம் கை நடுக்கம் நமக்கே தெரியாது, ஸ்கோப்பில் அது நாலு மடங்காகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து கடைசி நொடியில் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவோம், இது நிறைய பேருக்கு வருவதுதான் என்று விளக்கினார். பட்டாளத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாராம். தப்பான விளக்கம் என்று சொல்ல முடியாது. அப்படியும் நடக்கும்.

"ரைபிள் அதே, ஸ்கோப் அதே, தோட்டா அதே. போன மாசம் இதே ஸ்கோப்ல நீங்க எப்படிச் சுட்டீங்கன்னு நானே பார்த்தேன். மாறினது என்ன? நீங்கதாம்மா மாறியிருக்கீங்க."

பக்கத்தில் என் கணவர் நின்றார். தலையை ஆட்டினார்.

என் கணவரும் அந்த ஸ்கோப்பில் சுட்டுப் பார்த்தார். அவருடைய குண்டுகளும் சிதறின. ஆனால் அவருடையது எப்போதுமே அப்படித்தான் சிதறும். நன்றாகச் சுடுகிறவர் ஒருவர் சுட்டால்தான் ஸ்கோப்பில் குறையா என்று தெரியும். கிளப்பில் அப்படிச் சுடுகிற மற்றவர்கள் இரும்புக் குறிக்காரர்கள், இதைத் தொட மாட்டார்கள். இன்னொரு ஸ்கோப் வைத்திருந்தவர் ஒரு கட்டட காண்டிராக்டர். அவருடையதை ஒரு காலை மட்டும் கடன் வாங்கி இந்த ரைபிளில் பொருத்திச் சுட்டால் விஷயம் முடிந்துவிடும். எனக்கு அவரோடு பழக்கம் இல்லை. என் கணவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டதாகவும் அவர் கொடுக்க மறுத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஆக, கோளாறு என்னிடம்தான். வீடு முழுக்க அதை ஏற்றுக்கொண்டது, என்னைத் திருத்துகிற வேலை தொடங்கியது.

என் மாமியார் முடிச்சூர்க்காரர். வயலும் மாடுமாக இருந்த குடும்பம். மருமகள் சுடிதார் போட்டுக்கொண்டு ஆண்கள் நடுவில் குப்புறப் படுப்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இப்போது அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. கை நடுங்குகிறது, குறி தப்புகிறது என்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது. ஒன்று விசேஷமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விசேஷம் ஆகாமல் போவதற்கான காரணமாக இருக்க வேண்டும். என்னை மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். விசேஷம் இல்லை என்று டாக்டர் சொன்னதும், "வயித்த அமுக்கிக்கினு படுத்தா புள்ள எங்க தங்கும்? நீங்க சொல்லுங்கம்மா இவளுக்கு" என்று டாக்டரிடமே முறையிட்டார். டாக்டர் சிரித்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காபியை நிறுத்தினேன். காபி குடித்தால் கை நடுங்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் காபியில் பிறந்து வளர்ந்தவள். தலைவலி மண்டையைப் பிளந்தது. என் கணவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, மோர் ஊற்றி, வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தார். தினமும் கொடுத்தார். அவருக்குச் சமையல் தெரியாது. கஞ்சியில் கட்டி தட்டியிருக்கும். நான் குடித்துவிடுவேன். இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள்.

கண் டாக்டரிடம் போனோம். பல்லாவரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை விரியவைத்து, இருட்டறையில் உட்காரவைத்து விளக்கு அடித்துப் பார்த்தார்கள். என் கணவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் லேசான பவர் இருக்கிறது, வேண்டுமானால் கண்ணாடி போடலாம், போடாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்றார். என் கணவர்தான், "மாறுகண் மாதிரி லேசா ஏதாவது இருக்குமா சார்? குறி பார்க்கறப்ப மட்டும் வர்ற மாதிரி?" என்று கேட்டார். அக்கறையோடு, முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்தால் சட்டம் இடித்தது. குண்டு அலைந்துகொண்டேயிருந்தது.

போட்டி நெருங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. சுடுவதனால்தானே யார் மேல் தப்பு என்ற கேள்வி வருகிறது? சுடாமலே பார்த்தால் என்ன? என் தோளும் வேண்டாம், மூச்சும் வேண்டாம், விரலும் வேண்டாம். ஸ்கோப்பை அசையாமல் ஓரிடத்தில் கட்டிவிட்டு, கூட்டல் குறியைத் தூரத்தில் ஒரு புள்ளியில் நிறுத்திவிட்டு, குழாயை லேசாகத் தட்ட வேண்டும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் குறி அசைந்தாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உள்ளே ஏதாவது கழன்றிருந்தால் வேறு இடத்தில் போய் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி விடுமுறை. ஹால் ஜன்னலின் இரும்புக் கம்பியில் ஸ்கோப்பை வைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டினேன். எதிர் வீட்டு மாடியில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் மூலை நல்ல கூர்மை. கூட்டல் குறியின் நடுப்புள்ளியை அந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தினேன். கரண்டிக் காம்பால் குழாயின் நடுவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்த்தேன். குறி மூலையில் இல்லை. தொட்டியை விட்டு வெளியே, வானத்தில் நின்றது. மறுபடி தட்டினேன். இறங்கி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. திருகைத் திருகிப் பார்த்தேன். நாலைந்து டிக் வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமாகத் தாவும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் செத்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கோளாறு கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. என் கை என் கைதான், என் கண் என் கண்தான் என்று தெரிந்த சந்தோஷம். குளித்துக்கொண்டிருந்த கணவரைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். துண்டோடு வந்தார். நான் தட்டினேன், அவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் நகரலையே."

"மறுபடி தட்டறேன், பாருங்க."

தட்டினேன். அவர் கண்ணை எடுத்துவிட்டு டியூபை விரலால் சுண்டிப் பார்த்தார். "ரப்பர் வச்சுக் கட்டியிருக்கே. ரப்பர்னா ஆடாதா? நீ தட்டறப்ப மொத்த ஸ்கோப்பே ஆடுது. இதைப் போய் டெஸ்ட்டுங்கறே. ஃபிசிக்ஸ் டீச்சர் செய்யற வேலையா இது?"

அது நியாயமாகப்பட்டது. என் மாணவி எவளாவது ரப்பர் வைத்துக் கட்டி அளவெடுத்திருந்தால் நானே மதிப்பெண் குறைத்திருப்பேன். கம்பி வைத்துக் கட்டி மறுபடி பார்த்திருக்கலாம். வீட்டில் இடுக்கி இல்லை. தேர்வுத் தாள் ஒரு கட்டு மேஜையில் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் பார்த்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. இத்தனை வாரமாக எல்லோரும் சொல்லிவந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் பார்க்க விரும்புவதைப் பார்த்துக்கொள்கிறேன். டியூபை அவிழ்த்தேன்.

போட்டி சென்னையிலேயே வேறொரு மைதானத்தில் நடந்தது. என் குண்டுகள் அட்டை முழுக்க விழுந்தன. ஒன்று பக்கத்துக்காரருடைய அட்டையில் போய் விழுந்தது. அது பெரிய அவமானம். நடுவர் வந்து என் தோளைத் தட்டி எழுந்திருக்கச் சொல்லி, எந்த அட்டை என்னுடையது என்று தெரியுமா என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. கடைசி ஆள் காய்ச்சலோடு வந்து பாதியில் எழுந்து போனவர்.

திரும்பி வரும்போது வேளச்சேரி வழியாக வந்தோம். பள்ளிக்கரணையில் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த நாற்றம் எனக்கு அன்றைக்கு மூக்கை விட்டுப் போகவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தன் கைக்குட்டையைக் கொடுத்தார். "விடு. இதெல்லாம் பொழுதுபோக்குதானே. நமக்கு இதா சோறு போடுது?" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் நன்றி பொங்கியது. இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

அடுத்த வருடம் செயலாளர் வேறு ஒருவர் பெயரை எழுதினார். நான் அதற்கு முன்பே போவதை நிறுத்தியிருந்தேன். கொஞ்ச நாளில் என் கணவரும் நிறுத்திவிட்டார். மகள் பிறந்தாள். குப்புறப் படுப்பதை விட்டதனால்தான் பிறந்தாள் என்று மாமியார் கடைசி வரை நம்பினார், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தார்.

ஒரு போட்டியில் தோற்றது பெரிய விஷயமா என்று கேட்கலாம். தோல்வி இல்லை விஷயம். அதற்குப் பிறகு நான் எதையும் இன்னொருவரிடம் காட்டாமல் நம்பியதில்லை. ஆய்வகத்தில் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று நான் படித்துவிட்டு, "நீ பாரும்மா, எவ்வளவு காட்டுது?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். தலைமை ஆசிரியை பொறுப்புக்கு என் பெயரைச் சொன்னபோது, முக்கியமான நேரத்தில் நான் சொதப்பிவிடுவேன் என்று நானே போய்ச் சொல்லி விலகிக்கொண்டேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கணவரிடம் சொன்னபோது, உனக்கு டென்ஷன் ஆகாது, நல்ல முடிவுதான் என்றார்.

பத்து வருடம் போயிற்று. முடிச்சூரில் மாமியாரின் பங்காக வந்த வயல் மனையாகி, அதில் ஒன்றில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். மாமியார் இறந்துவிட்டார். சுற்றிலும் இன்னும் கட்டாத மனைகள், மழை பெய்தால் தவளைச் சத்தம்.

ஒரு ஞாயிறு மதியம் என் கணவரின் அலுவலக நண்பர் மனைவியோடு சாப்பிட வந்தார். பேச்சு எப்படியோ துப்பாக்கிக்குப் போயிற்று. அந்த நண்பரின் மச்சான் ஒரு ஏர்கன் வாங்கியிருக்கிறாராம், மேலே ஸ்கோப் எல்லாம் வைத்து. என் கணவர் உற்சாகமாகிவிட்டார். எங்கள் வீட்டிலும் ஒரு ஷூட்டர் இருந்தார் என்று என்னைக் காட்டினார். நான் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஸ்கோப் கதை தெரியுமா உனக்கு?" என்று நண்பரிடம் ஆரம்பித்தார். ஒருநாள் அதை அலுவலகத்தில் காட்டுவதற்காகப் பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனாராம். திரும்பும்போது வேளச்சேரியில் ஒரு வேலையை முடித்துவிட்டு மேடவாக்கம் வழியாக வந்திருக்கிறார். கூட்டுரோட்டில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்ததில் பை அறுந்து, ஸ்கோப் ரோட்டில் உருண்டு, மைல் கல்லில் போய் மோதி நின்றது. எடுத்துப் பார்த்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சரி, தப்பித்தோம் என்று வண்டி துடைக்கிற துணியால் துடைத்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"இவ என்னடான்னா, குறி தப்புது, குறி தப்புதுன்னு, கண் டாக்டர் என்ன, காபியை விட்டது என்ன. எங்கம்மா ஒரு பக்கம் லேடி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறாங்க. நான் எப்படிச் சொல்வேன், அது எருமைகிட்ட தோத்த ஸ்கோப்னு?"

நண்பர் சாப்பாட்டில் கை வைத்தபடி குலுங்கிச் சிரித்தார். என் கணவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை சிரிப்பு. நண்பரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டார். நான் அவருக்கு ரசம் ஊற்றினேன். அப்பளம் எடுத்து வந்தேன். பாயசம் கொடுத்தேன். அவர்கள் கிளம்பும்போது வாசல் வரை போய் வழியனுப்பினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

உள்ளே வந்தபோது அவர் ஈஸிசேரில் செய்தித்தாளைப் பிரித்திருந்தார். நான் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"எதை?"

"கீழே விழுந்ததை."

"சொல்லியிருந்தா நீ கத்தியிருப்பே."

"நான் எப்ப கத்தியிருக்கேன்?"

கொஞ்சம் யோசித்தார். "கத்த மாட்டே. ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே."

"காண்டிராக்டர்கிட்ட ஸ்கோப் கேட்டீங்களா?"

அவர் செய்தித்தாளில் பக்கத்தைப் புரட்டினார். கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜன்னல்ல கட்டிவச்சுக் காட்டினேன். நீங்க பார்த்தீங்க. அப்ப அது நகர்ந்தது தெரிஞ்சுதா?"

செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பொய் சொல்லியிருக்கலாம். பத்து வருடம் கழித்து அதற்கு அவசியமில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"தெரிஞ்சுது."

"எவ்வளவு?"

"நல்லாவே நகர்ந்துச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம்? எப்பவோ நடந்தது."

அவர் என்மேல் பொறாமைப்பட்டுச் செய்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். மனைவி தன்னைவிட நன்றாகச் சுடுகிறாள் என்ற எரிச்சல் என்றால் அதில் என் திறமைக்கு ஒரு மரியாதையாவது இருக்கிறது. அதைப் பற்றியும் நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். அப்படி இல்லை. இரண்டு நாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன் என்ற சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக, நான் குருடியா, நடுக்கம் பிடித்தவளா, மலடியா என்று மூன்று பேர் சேர்ந்து ஆராய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கஞ்சியை அவர் எந்த மனசோடு காய்ச்சினார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். கேட்டால் அக்கறை என்பார். அக்கறையும் இருந்திருக்கும்.

செயலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. விசாரித்தபோது அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசி வரைக்கும் என்னை நடுக்கக்காரி என்றே நினைத்துப் போய்ச் சேர்ந்திருப்பார். வேறு யாரிடம் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள். கதையே அப்படி. எருமை வருகிறது அதில்.

அடுத்த சில வாரங்கள் அவர் எனக்குப் பின்னாலேயே சுற்றினார். கடையிலிருந்து பழம் வாங்கி வந்தார். மகளிடம், அம்மாவுக்கு என் மேல் கோபம், நீ கொஞ்சம் பேசு என்று சொல்லியிருக்கிறார். மகள் வந்து என்ன கோபம் என்று கேட்டாள். அப்பாவிடமே கேள் என்றேன். அவர் அவளிடம் எருமைக் கதையைச் சொன்னார், அவளும் சிரித்தாள். எட்டு வயதுப் பெண், சிரிக்காமல் என்ன செய்வாள். நான் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

கோடை விடுமுறை விட்டதும் ஒரு ஞாயிறு காலை பஸ் பிடித்து வண்டலூருக்குப் போனேன். கிளப் இருந்தது. மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அலுவலக அறையில் உட்கார்ந்திருந்த இளைஞனுக்கு என்னைத் தெரியாது. குடும்ப உறுப்பினராக என் பழைய பெயர் எங்கோ இருக்கும், அதைப் புதுப்பிக்கலாம், கணவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். வேண்டாம், தனியாகச் சேர்கிறேன் என்றேன்.

கிளப் ரைபிளில் இரும்புக் குறி வைத்துத்தான் சுடுகிறேன். வயதாகிவிட்டது, முன் குறி மங்கலாகத் தெரிகிறது. சில நாள் நன்றாக விழுகிறது, பல நாள் சுமார்தான். குண்டு தப்பினால் ஏன் தப்பியது என்று நானே பார்த்துக்கொள்கிறேன், யாரையும் கூப்பிடுவதில்லை. மதியம் வீட்டுக்கு வரும்போது அவர் சோறு வடித்து வைத்திருப்பார். அதில் இப்போது தேறிவிட்டார். தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "எப்படிப் போச்சு இன்னிக்கு?" என்று கேட்பார்.

"போச்சு" என்பேன். என் அட்டை ஒன்றைக்கூட அதற்குப் பிறகு அவர் பார்த்ததில்லை.